முப்பத்திரண்டாவது பதில்

ஓர் ஆளின் விலை இருநூற்று நாற்பது வாக்கி டாக்கி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டியலைச் சரிபார்த்து, பெட்டி பெட்டியாக எண்ணி இறக்கியவன் நான். பன்னிரண்டு வருடம் எழுதி எழுதிக் கேட்டோம்; ஒரு கருவிகூட வரவில்லை. ஓர் ஆள் செத்தான். அடுத்த வருடமே இருநூற்று நாற்பதும் வந்து இறங்கின. துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவன் நான். "கடைசி விலை என்ன?" என்று ஐந்து வயதிலேயே கேட்கப் பழகியவன். இந்த விலையில் மட்டும் சல்லிக்காசு குறைக்க முடியவில்லை.

இனிச் சொல்லப்போவது என் காதால் கேட்டது. கேட்ட நேரங்களைக் குறித்தும் வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். நானும் முதல் ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முன்பெல்லாம் எங்கள் ஊரில் தீயணைப்புக்கு ஒரு வயர்லெஸ், ஆம்புலன்ஸுக்கு ஒன்று, போலீஸுக்கு ஒன்று. வண்டியின் நிறத்தை வைத்து எங்களைச் சிவப்பு என்பார்கள், ஆம்புலன்ஸ்காரர்களை வெள்ளை, போலீஸை நீலம். ஒரு வீடு பற்றி எரிந்தால் மூவரும் ஒரே வாசலில் நிற்போம். ஒருவர் வயர்லெஸ்ஸில் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி மாதிரி.

செத்தவன் எங்கள் சிவப்பு ஆள். ஏணி என்றுதான் கூப்பிடுவோம், அவ்வளவு உயரம். எந்த வாசலில் நுழைந்தாலும் மேலே தலை இடிக்கும். டொக். உடனே இடித்த இடத்தைத் தொட்டு, "மன்னிச்சுக்கோ" என்பான். யார் காலையோ மிதித்துவிட்டவன் மாதிரி. மரத்திடம் மன்னிப்புக் கேட்கிற ஒரே ஆள் அவன்தான்.

பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்த இரவு, உள்ளே போனவன் வரவில்லை. காலையில் கண்டெடுத்தபோது சுவரில் சாய்ந்து, கால்களை மடக்கி, ஒழுங்காக உட்கார்ந்திருந்தான். பின்கதவு அங்கிருந்து பதினோரு அடி. அவன் காலுக்கு நாலே எட்டு. கதவு பூட்டப்படவும் இல்லை. கதவுக்கு வெளியே ஓர் ஆம்புலன்ஸ் இரவு முழுக்க நின்றிருந்தது. பிறகு ஏன் உட்கார்ந்தான்? விசாரணை நடந்தது. கோப்பை மூடினார்கள். காரணத்தை எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் பொது அலை வந்தது. ஒரே அறை, மூன்று மேசை, இருநூற்று நாற்பது கருவி. யார் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். நடுவில் இன்னொருவர் பொத்தானை அழுத்தினால் 'புப்... புப்...' என்று இயந்திரம் மறுத்துவிடும். பேசுகிற கருவியின் எண் திரையில் வரும். பேசுவது எல்லாம் பதிவாகும். அறைக்கு ஒரே சட்டம்: "கேட்குது" என்று எந்த மேசை சொல்கிறதோ, அந்த அழைப்பு அந்த மேசையின் தலையில். ஆளை அனுப்பும்வரை இறக்கி வைக்க முடியாது.

சிவப்பு மேசையில் நான். வெள்ளை மேசையில் என் மனைவியின் தம்பி. அவன் என்னை மாமா என்பான். நான் அவனை மாப்ள என்பேன். அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

குரல் அப்படி அவனுக்கு. விபத்தில் கால் போனவனிடம் "ஒண்ணும் ஆகல, பேசிக்கிட்டே இருங்க" என்பான். அவனும் நம்பிப் பேசிக்கொண்டே இருப்பான். தினமும் இரவு பன்னிரண்டரைக்கு, வேலையில் இருக்கிற வண்டிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு "இருக்கேன்" என்று பதில் வாங்க வேண்டும். எண்ணிக்கை என்போம். கூப்பிட்டதும் பதிலும் சமமாக இருந்தால் பதிவேட்டில் கையெழுத்து. அவன் கூப்பிட்டால், "இருக்கேண்ணே! சாப்டீங்களாண்ணே?" என்று குழைவார்கள். என் சொந்தச் சிவப்பு வண்டிக்காரர்கள்கூட. நான் கூப்பிட்டால் "இருக்கேன்." டக். வட்டிக்காரனிடம் தெருமுனையில் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

வீட்டிலும் அதே கதைதான். எங்கள் இருவருக்கும் என் வீட்டிலிருந்துதான் சாப்பாடு. எனக்கு இரண்டடுக்கு டப்பா. அவனுக்கு மூன்றடுக்கு.

"ஏன்டி, நான் என்ன முக்கால் ஆளா?"

"அவன் தனியா இருக்கான், பாவம். உங்களுக்குத்தான் நான் இருக்கேனே."

"உன்ன டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போக முடியாதே!"

அவள் சிரிக்கமாட்டாள். நான் குரலை இறக்கி, கொஞ்சம் தேன் தடவி, அவள் தம்பியைப் போலவே பேசிக் காட்டினால் மட்டும் சிரித்துவிட்டுப் பிறகு திட்டுவாள். அந்தக் குரல் எனக்கு அச்சாக வரும். பொறாமைப்படுகிறவனைவிட நல்ல மாணவன் கிடையாது.

அந்த மாதம் எங்கள் அறைக்குப் பொறுப்பாளரைப் போட இருந்தார்கள். மூன்று மேசைக்கும் மேலே ஒரு நாற்காலி, கைப்பிடி வைத்தது. பட்டியலில் இரண்டே பெயர். பதினாறு வருடம் வேலை பார்த்த நான். ஒன்பது வருடம் பார்த்த அவன். இரவுப் பதிவுகளைப் போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்று பேச்சு. மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. மழை இல்லை, இடி இல்லை, மின்சாரமும் போகவில்லை. பன்னிரண்டரைக்கு மாப்ள எழுந்தான்.

"மாமா, கீழ போய் அரை மணி நேரம் கண்ண மூடிட்டு வரேன். எண்ணிக்கைய நீங்க எடுத்துடுங்க. வெள்ளைக்கு ஏதாச்சும் வந்தா எழுப்புங்க."

"போ மாப்ள. உன் ரசிகர் மன்றத்த நான் பாத்துக்கறேன்."

நீல மேசைக்காரர் காதில் கருவியை மாட்டியபடி, வாயைத் திறந்தபடி, 'பணியில்' இருந்தார். குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

12.38. முப்பத்தொன்று கூப்பிட்டேன். முப்பத்தொன்று பதில் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

12.41. கிளிக்.

யாரோ பொத்தானை அழுத்திய சத்தம். பிறகு மூச்சு. முகமூடிக்குள் விடுகிற மூச்சு. குடத்துக்குள் வாயை வைத்து ஊதுகிற மாதிரி.

"வெள்ளை... வெள்ளை... கேட்குதா?"

திரையைப் பார்த்தேன். எண் வர வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

முகமூடி போடுகிறவர்கள் எங்கள் சிவப்பு ஆட்கள்தான். ஆகவே நானே எடுத்தேன். "சிவப்பு கேட்குது. சொல்லுங்க."

பதில் இல்லை.

12.42. "வெள்ளை... வெள்ளை..."

"சிவப்புதான் பேசறேன். எந்த வண்டி?"

நான் பேசியதாகவே அவன் காட்டிக்கொள்ளவில்லை.

12.43. "வெள்ளை... இருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆள். எங்கள் முகமூடி. பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் நான் இரண்டு தடவை பதில் சொல்கிறேன். அவனுக்கு வெள்ளைதான் வேண்டுமாம்!

விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். வேலை இல்லாத நேரத்தில் மாப்ளயோடு சில பேர் குரலை மாற்றிப் பேசி விளையாடுவதுண்டு. இதுவும் அதுதான். எண் தெரியாமலிருக்க ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறார்கள். சரி, விளையாடட்டும். பதிவில் வெள்ளை மேசை நடுராத்திரியில் விளையாடியதாக இருக்கும். நாற்காலி கொடுக்கிறவர்கள் அதைக் கேட்பார்கள்.

தராசில் ஒரு விரல் வைத்தால் போதும். எங்கள் கடையில் அதை யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

குரலை இறக்கினேன். தேன் தடவினேன்.

12.44. "வெள்ளை கேட்குது. ஆள் அனுப்பறேன். நகர வேண்டாம், அங்கேயே இருங்க."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. பாரத்தை இறக்கி வைத்த மூச்சு.

"சரிங்க. உக்கார்றேன்."

துணி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. உண்மையாகவே யாரோ உட்கார்ந்தார்கள்.

நான் சிரித்தேன். நன்றாக நடிக்கிறானே என்று.

12.49. "வெள்ளை... கிளம்பியாச்சா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க," என்றேன். வராத சரக்குக்கு எங்கள் அப்பா சொல்கிற பதில்.

"சரிங்க."

அப்போதுதான் அந்தச் சத்தம். மெல்லியதாக... ஊசி மாதிரி... விசில்.

முதுகுக் காற்றுச் சிலிண்டர் தீரப்போகும்போது அடிக்கிற விசில் அது. பத்து வருடம் கேட்டு வளர்ந்த காது எனக்கு. ஆனால் விசில் வைத்த சிலிண்டர்களைக் கழித்துக் கட்டி மூன்று வருடம் ஆகிறது. இப்போது இருப்பவை 'பீப் பீப்' என்று கத்துபவை.

அந்த விசில் எந்த வண்டியிலும் இல்லை.

12.53. என் சொந்தக் குரல் வெளியே வந்துவிட்டது. "இடம் எது?"

"பஞ்சுக் கிடங்கு. பின்பக்கம். புகையா இருக்குங்க... ஒண்ணும் தெரியல."

பஞ்சுக் கிடங்கு இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கார்கள் நிறுத்துகிறார்கள். காலையில்தான் அந்த வழியாக வந்தேன்.



12.55. "எழுந்து... நடந்து பாக்கவா?"

கேள்வி. அனுமதி கேட்கிறான். என்னிடம்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். 'நட' என்று சொல்லி, வண்டியையும் அனுப்ப வேண்டும். ஆனால் அனுப்பினால் எழுத வேண்டும். எழுதினால், வெள்ளை என்று யார் பதில் சொன்னது என்று கேட்பார்கள். நாற்காலி போய்விடும். அவனுக்குப் போய்விடும்.

எடை போட்டேன். பத்து விநாடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் எடை போட்டேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்து விநாடி முடிந்தது.

டொக்.

மரத்தில் தலை இடிக்கும் சத்தம். பிறகு... மிக மெதுவாக...

"மன்னிச்சுக்கோ."

ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினேன்.

"சரிங்க... உக்கார்றேன்."

"ஏணி!" என்று கத்தினேன். பொத்தானை அழுத்தினேன்.

புப்... புப்... புப்...

அலை அவன் கையில் இருந்தது. அவன் பொத்தானை விடவில்லை.

"ஏணி, எழுந்திரு! கதவு பக்கத்துலதான்! பதினோரு அடி!"

புப்... புப்...

"நேரா நட! நாலே எட்டு!"

புப்...

நீல மேசைக்காரர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

12.58. "கிளம்பியாச்சா?"

1.00. "கிளம்பி... யாச்சா?"

விசில் மெலிந்தது.

1.03. கதவு திறந்தது. துள்ளி எழுந்தேன்.

மாப்ள. கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"என்ன மாமா? யார்கிட்ட கத்தறீங்க?"

"உனக்குக் கேட்கல?"

"என்னது?"

என் ஒலிபெருக்கியில் விசில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். என்னைப் பார்த்தான்.

"சும்மா இரைச்சல்தான மாமா இது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'மாப்ள, உன் பேரில் ஒருவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்' என்று. சொல்லவில்லை.

"ஒண்ணுமில்ல. டெஸ்ட் பண்ணேன்."

1.06.

விசில் நின்றது.

காலையில் முதல் வேலையாகப் பதிவைப் போட்டுக் கேட்டேன். 12.38க்கு என் குரல்: "முப்பத்தொன்று, சரி." அதன் பிறகு அமைதி. 1.06 வரை அமைதி. அவன் குரல் இல்லை. அதை ஒருவாறு எதிர்பார்த்தேன். என் குரலும் இல்லை. சிவப்பாகப் பேசியதும் இல்லை, வெள்ளையாகப் பேசியதும் இல்லை, கத்தியதும் இல்லை. பேசினேன்; வார்த்தைகள் போயின. இங்கே விழவில்லை.

ஒன்பதாம் நாள் நாற்காலி மாப்ளக்குக் கிடைத்தது. என் மனைவி தெருவுக்கே சொன்னாள். நான் அவன் கையைக் குலுக்கினேன், வயிறு எரிந்தது. அதற்கு அடியில் வேறொன்று குளிர்ந்துகிடந்தது. அன்று மாலை அவனுடைய புது அறைக்குப் போய் நின்றேன்.

"மாப்ள, உன்கிட்ட பழைய கோப்புச் சாவி இருக்கும்ல? ஏணி செத்த ராத்திரிப் பதிவு எனக்குக் கேக்கணும்."

அவன் சிரிக்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"நீங்க என்னைக்காவது கேப்பீங்கன்னு நெனச்சேன் மாமா."

பழைய தீயணைப்பு அலையின் பதிவு. மூன்று வருடம் முந்தியது. தண்ணீர் லாரிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் கத்துகிறார்கள். நடுவில், குடத்துக்குள்ளிருந்து:

"வெள்ளை... வெள்ளை... கேட்குதா?"

வெளியே ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறான். அதனால் அவர்களைக் கூப்பிட்டிருக்கிறான். அவர்களுக்கு அந்த அலை கேட்காது என்பது புகைக்குள் மறந்துபோயிருக்கும்.

மூன்று முறை கூப்பிட்டான். பிறகு...

"வெள்ளை கேட்குது. ஆள் அனுப்பறேன். நகர வேண்டாம், அங்கேயே இருங்க."

"சரிங்க. உக்கார்றேன்."

மாப்ள நிறுத்தினான்.

"விசாரணைல என்னைத்தான் கூப்ட்டாங்க. என் குரல் மாதிரியே இருக்குன்னு. அன்னைக்கு அக்காவுக்குப் பிரசவம், நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்னு நர்ஸ் வந்து சொன்னதும் விட்டுட்டாங்க. யாரோ தெரியலன்னு எழுதி மூடிட்டாங்க."

"உனக்கு...?"

"எனக்கு அப்பவே தெரியும். என்னை மாதிரி இவ்ளோ சுத்தமாப் பேச இந்த ஊர்ல ஒருத்தராலதான் முடியும். அக்காவச் சிரிக்க வைக்கப் பேசுவீங்களே... அந்தக் குரல் மாமா இது."

என் கைகளைப் பார்த்தான்.

"ஆனா அந்த நேரத்துல உங்க கையில குழந்தை இருந்துச்சு. பக்கத்துல நின்னு நான்தான் போர்வைய இழுத்துவிட்டேன். அதனால யார்கிட்டயும் சொல்லல. என்னன்னு சொல்றது?"

மூன்று வருடம். என் மூன்றடுக்குப் பொறாமையை வாங்கிக்கொண்டு, அதைச் சொல்லாமல் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

நான் எப்போது பேசினேன் என்பதை அவனிடம் சொன்னேன். ஒன்பது நாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, 12.44. நேரத்தைத் தன் கோப்பில் பார்த்தான். அதிலும் அதுவே. விசில் நின்ற நேரமும் அதுவே.

கோப்பை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க," என்றான் கடைசியில்.

நான் இன்னும் சிவப்பு மேசையில்தான் இருக்கிறேன். அந்த நாற்காலிமேல் இப்போது ஆசை இல்லை. ஆனாலும் மாப்ளமேல் பொறாமை போகவில்லை. அவன் காதில் அந்தச் சத்தம் இரைச்சலாக மட்டும் விழுகிறது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூங்கிவிடுகிறான். எனக்கு எண்ணிக்கை முடிந்ததும் ஒரு கிளிக் கேட்கிறது. திரையில் எண் வருவதில்லை. "இருக்கேன்," என்கிறான். அப்புறம், "கிளம்பியாச்சா?"

போன வாரம் அந்தக் கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு வண்டியை அனுப்பியும் பார்த்தேன். காலி இடம் என்று திரும்பிவந்தார்கள். அன்றிரவும் கேட்டான்.

நேற்று இரவு எண்ணிக்கையை இங்கே அப்படியே எழுதுகிறேன். பதிவேட்டில் இப்படி எழுத முடியாது.

கூப்பிட்டது, முப்பத்தொன்று.
பதில், முப்பத்திரண்டு.
அனுப்புவதாகச் சொன்ன ஆள், ஒன்று.
போய்ச் சேர்ந்தது, இல்லை.
பாக்கி, ஒன்று.